குறியீடு வேறு, குறிமானம் வேறு

‘கணிதக் குறியீடுகள் மற்றும் குறியீடுகள்’. பள்ளிக் கணக்கைத் தமிழில் சொல்லித்தரும் பக்கங்களிலும் காணொளித் தலைப்புகளிலும் இந்தத் தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் சிம்பல், நொட்டேஷன் என்று இரண்டு சொற்கள் இருந்தன; தமிழுக்கு வரும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. இதைத் திருத்த வந்தவர்கள் ‘கணிதச் சின்னங்கள் மற்றும் குறியீடுகள்’ என்று மாற்றினார்கள். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, யோசித்துச் செய்த பிழை. அதுதான் வேகமாகப் பரவுகிறது. சிம்பலுக்குக் குறியீடு, நொட்டேஷனுக்குக் குறிமானம் என்பதே என் வாதம்.

சொற்களின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். குறி என்பது அடி. குறித்தல், குறிப்பு, குறிக்கோள் எல்லாம் அதன் கிளைகள். அக இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடமும் குறிதான்: இரவுக்குறி, பகற்குறி. இடு என்பது முதல் நீண்டு ஈடு ஆகும். கெடு கேடு ஆவதைப் போல, பெறு பேறு ஆவதைப் போல. குறியும் ஈடும் சேர்ந்தால் குறியீடு. பழைய உரையாசிரியர்கள் ‘ஆட்சியும் குறியீடும்’ என்று எழுதும்போது இலக்கணத்தில் ஒன்றுக்குப் பெயரிட்டு வழங்குவதையே சொல்கிறார்கள். இன்று அச்சொல் இடும் செயலை விட்டு, இடப்பட்ட பொருளின் மேல் நிலைத்துவிட்டது. வெளியீடு, முதலீடு ஆகியவையும் இப்படி நிலைத்தவைதான். ஆகவே π ஒரு குறியீடு, √ ஒரு குறியீடு, ∞ ஒரு குறியீடு. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

நொட்டேஷன் என்பது இன்னொரு பொருள். குறியீடுகளை எந்த வரிசையில், எந்த இடத்தில், எந்த அளவில் வைத்தால் என்ன பொருள் என்று வகுக்கும் ஏற்பாடு அது. 2, 3 என்னும் இரண்டு குறியீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 23: இருபதும் மூன்றும். மூன்றைச் சிறிதாக்கித் தோளில் ஏற்றினால் 2³: எட்டு. முன்னும் பின்னுமாகவே வைத்து மூன்றுக்குப் பதில் ½ எழுதினால் 2½: இங்கே இரண்டுக்கும் நடுவில் கூட்டல் ஒளிந்திருக்கிறது. அதே இடத்தில் எக்ஸ் எழுதினால் ஒளிந்திருப்பது பெருக்கல். புதிய குறியீடு எதையும் 2³ கொண்டுவரவில்லை; வைப்பு மட்டுமே மாறியது. இந்த வைப்பு ஒழுங்குக்குத் தமிழில் தனிச்சொல் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஏழாம் வகுப்பில் ‘எக்ஸின் மதிப்பு 3 என்றால் 2எக்ஸ் எவ்வளவு’ என்ற வினாவுக்கு 23 என்று எழுதும் பிள்ளைக்கு எந்தக் குறியீடும் தெரியாமல் இல்லை. 2 என்பதும் தெரியும், எக்ஸும் தெரியும். தெரியாதது இந்த ஒழுங்கு. ஆசிரியர் ‘உனக்குக் குறியீடு புரியவில்லை’ என்று சொன்னால் அந்தப் பிள்ளை தவறான இடத்தில் தேடும்.

இதற்கு வெளியில் போய்ச் சான்று தேட வேண்டாம். தமிழ் எண்களே சான்று. 2345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதியதும் உண்டு, ௨௩௪௫ என்று எழுதியதும் உண்டு. இலக்கங்கள் அவையேதான். முதல் முறையில் ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் சுழியமே தேவைப்படாது: 2005 என்பது ௨௲௫. இரண்டாவது முறையில் இடம்தான் மதிப்பைச் சொல்கிறது. எனவே ௨௦௦௫ என்று சுழியம் போட்டே ஆக வேண்டும். குறியீடு, அதாவது ௲, ௱, ௰, ஒரு பக்கம். அவற்றை அடுக்கும் முறை இன்னொரு பக்கம். இரண்டு முறையையும் வைத்திருந்த ஒரு மொழியில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றுவது நியாயமில்லை.

இனி சின்னம். தேர்தல் சின்னம், நினைவுச் சின்னம், வெற்றிச் சின்னம், அரசின் சின்னம். இந்தத் தொடர்களைக் கேட்டவுடன் மனத்தில் எழுவது ஒன்றின் மொத்தப் பெருமையையும் ஏந்தி நிற்கும் ஓர் உருவம். சின்னம் தனியாக நின்றே பொருள் தரும்; பக்கத்துச் சின்னத்தோடு சேர்ந்து புதிய பொருளை உண்டாக்காது. கூட்டல் குறியோ தனியாக நின்றால் பாதி வேலைதான். இருபுறமும் எண்கள் வந்தால்தான் அது முழுமை பெறும். சின்னத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார்; எக்ஸ் என்ற எழுத்து இந்த வரியில் ஒரு மாறியாகவும் அடுத்த கணக்கில் வேறொரு மாறியாகவும் வரும். சின்னம் வடமொழிச் சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. கணிதம், சமம், வர்க்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதானே கணக்குச் செய்கிறோம்? என் மறுப்பு பொருளைப் பற்றியது. சின்னத்தை மதிக்கலாம், அடையாளம் காணலாம். அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. தவிர, சிம்பலுக்குச் சின்னம் என்று ஒதுக்கிவிட்டுக் குறியீட்டை நொட்டேஷனுக்குக் கொடுத்தால், வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனின் குறியீடு என்று படிக்கும் அதே மாணவர் அடுத்த வகுப்பில் கூட்டலின் சின்னம் என்று படிக்க வேண்டும். ஒரே பொருளுக்கு மணிக்கொரு பெயர். ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காக இன்னொன்றை விதைக்கிற திருத்தம் இது.

அடையாளம் என்று போடுவோரும் உண்டு. ‘சம அடையாளம்’ என்பது காதுக்குப் பழகிய தொடர்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சுற்றி இப்போது பெரிய தொல்லை வளர்ந்திருக்கிறது: எந்த மதிப்புக்கும் பொருந்தும் சமன்பாட்டை முற்றொருமை என்று பாடநூல்கள் அழகாகச் சொல்லிவைத்திருக்க, மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘முக்கோணவியல் அடையாளங்கள்’ என்று எழுதித் தள்ளுகின்றன. அடையாள அட்டையில் வரும் பொருளையும் இதையும் ஆங்கிலம் ஐடென்டிட்டி என்ற ஒரே சொல்லால் சுட்டுவதால் வந்த வினை. இந்த நிலையில் = என்பதையும் அடையாளம் என்றால் சமன்பாடும் முற்றொருமையும் குறியும் ஒரே சேற்றில் புதையும்.

இசைக்காரர்களின் வழி கவனிக்கத்தக்கது. பாட்டின் சுரங்களையும் தாள அடைவையும் எழுதிவைக்கும் முறையைச் ‘சுரதாளக் குறிப்பு’ என்றார்கள். பொருளைச் சரியாகப் பிடித்த ஆக்கம். அதை ஒட்டிக் ‘கணிதக் குறிப்பு’ என்று சொல்லலாமே என்றால், சொல்ல முடியாது. கணக்குப் புத்தகத்தில் குறிப்பு என்றால் விடை காண உதவும் துப்பு. ‘குறிப்பு: இருபுறமும் வர்க்கப்படுத்துக’ என்று பயிற்சியின் அடியில் வருவது. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ‘குறியீட்டு முறை’ என்பதில் பொருட்பிழை ஏதும் இல்லை. நான்கு சொல் தொடரில் அது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ‘அறிவியல் குறியீட்டு முறை’ என்று தொடங்கி, அவசரத்தில் முறை உதிர்ந்து, ‘அறிவியல் குறியீடு’ என்று நின்றுவிடுகிறது. அப்படி நின்றதும் மாணவர் அதில் ஏதோ ஒரு குறியீடு இருப்பதாக எண்ணித் தேடுகிறார். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் என்று எழுதுவதில் புதிய குறியீடு எங்கே இருக்கிறது? முன்னால் நிற்கும் எண் 1 அல்லது அதற்கு மேலாகவும் 10-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும், பின்னால் பத்தின் அடுக்கு வர வேண்டும் என்கிற ஏற்பாடு மட்டுமே இருக்கிறது. 30 × 10⁷ என்பதும் அதே எண்தான். ஆனால் ஏற்பாட்டை மீறியது. அங்கே மதிப்பெண் போவது ஏற்பாட்டுக்காக.

குறிமானம் என்பதே இதற்குப் பொருந்தும் சொல். நான் ஆக்கியதல்ல, கலைச்சொல் ஆக்குவோர் முன்பே முன்வைத்து, பள்ளிக்குள் சரியாக நுழையாமல் நிற்கிறது. வரு வருமானம், கட்டு கட்டுமானம், பெறு பெறுமானம், தேய் தேய்மானம், செரி செரிமானம். வினையடியோடு மானம் சேர்ந்தால் அச்செயல் நடக்கும் ஒழுங்கையும் அதன் மொத்த விளைவையும் சேர்த்துச் சுட்டும். கட்டுமானம் என்றால் ஒரு செங்கல் இல்லை. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் நிலை. அதேபோலக் குறிமானம் ஒரு குறியைச் சொல்வதில்லை. குறிகள் கூடி நிற்கும் நிலையைச் சொல்கிறது. மானம் என்றால் தன்மானம் நினைவுக்கு வருகிறதே என்ற மறுப்பையும் கேட்டிருப்பீர்கள். வருமானம் என்று சொல்லும்போது யாருக்காவது அது நினைவுக்கு வருகிறதா?

குறி என்ற சிறிய சொல்லையும் இழக்கக் கூடாது. செய்கையையோ உறவையோ காட்டும், பெயர் பெற்ற உருவங்களுக்கு அதுவே போதும்: கூட்டல் குறி, கழித்தல் குறி, சமக்குறி, மூலக்குறி. ‘கூட்டல் குறியீடு’ என்று நீட்ட வேண்டியதில்லை.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். பனைக்குப் பனை என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்க முடியாது, பறவைக்குக் கேட்கலாம். கணிதக் குறியீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாகுபாடு கிடையாது. வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் சமக்குறியை அறிமுகம் செய்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்று காரணமும் சொன்னார். ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1675-இல் தொகையீட்டுக்கு எழுதிய ∫, கூட்டுத்தொகைக்கான இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டியது. இவை காரணக்குறிகள். ஓட்ரெட் 1631-இல் பெருக்கலுக்குப் பயன்படுத்திய × இன்றைய மாணவருக்கு இடுகுறிதான். அதைப் பார்த்து வேலையை ஊகிக்க இயலாது, பழக வேண்டும். காரணம் உள்ளதைக் காரணத்தோடும், இல்லாததைப் பழக்கத்தாலும் கற்பிக்கலாம். இந்தப் பாகுபாடு தமிழ் இலக்கண வகுப்போடு நின்றுபோவது பெரிய இழப்பு.

வகுப்பு ஏற ஏறச் சிக்கல் குறியீட்டிலிருந்து குறிமானத்துக்கு நகர்வதையும் கவனிக்க வேண்டும். தொடக்க வகுப்பில் கோளாறு = என்பதில். 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் பல பிள்ளைகள் 12 என்று நிரப்புவார்கள்; சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. முதல் இரண்டு ஆண்டுகளில் செய்கை எப்போதும் இடப்பக்கம், காலிக் கட்டம் எப்போதும் வலப்பக்கம் என்றே பார்த்துப் பழகியதால், அந்தக் குறி ‘விடை வருகிறது’ என்று அறிவிப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஈக்வல் டு போடு’ என்று வகுப்பில் சொல்வது இதை உறுதிப்படுத்துகிறது. ‘சமம்’ என்று வாயால் படிக்கச் சொல்லி, 12 = 8 + 4, 7 = 7 என்றும் எழுதிக் காட்டினால் இது தொடக்கத்திலேயே சரியாகும். விட்டால், 5 + 3 = 8 × 2 = 16 என்று சங்கிலி கோக்கும் பழக்கம் மேல்வகுப்பு வரை போகும்; அந்த வரி 8-ம் 16-ம் சமம் என்கிறது.

நடுநிலை வகுப்பில் கழித்தல் குறி மூன்று வேலை செய்கிறது: கழிக்கிறது, குறை எண்ணைக் காட்டுகிறது, எதிரெண்ணைத் தருகிறது. −3² என்பது −9. (−3)² என்பது 9. வித்தியாசம் அடைப்பில், அதாவது குறிமானத்தில். பெருக்கல் குறி இந்த வகுப்பில்தான் மறையத் தொடங்குகிறது; அது எக்ஸ் போலத் தெரிவதும் ஒரு காரணம். ÷ படிப்படியாகப் பின்னக் கோட்டுக்கு இடம் தருகிறது.

உயர்வகுப்பில் (4, 6) ஒரு புள்ளி. இன்னொரு பாடத்தில் 4-க்கும் 6-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளி. எண் கோட்பாட்டு நூல்களில் இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது 2. எஃப் எழுதி அடைப்புக்குள் எக்ஸ் எழுதினால் பெருக்கல் இல்லை, சார்பு. மிக மோசமானது சைன். அதன் தோளில் 2 எழுதினால் வர்க்கம். −1 எழுதினால் தலைகீழி அல்ல, நேர்மாறு. சைன் 30° என்பது 1/2. அதன் தலைகீழி 2. 1/2-இன் நேர்மாறு சைனோ 30°. நேர்மாற்றுக்கு இப்படி −1 போடும் வழக்கம் ஜான் ஹெர்ஷல் 1813-இல் தொடங்கியது. ஒரு சார்பு மாறும் வீதத்தைச் சொல்லும் வகைக்கெழுவுக்கு லைப்னிட்ஸ் பின்ன வடிவம் வகுத்தார், நியூட்டன் மேலே புள்ளி வைத்தார், லக்ராஞ்ச் பக்கத்தில் சிறு கோடு போட்டார். ஒரே பொருள், மூன்று குறிமானம். இதை ‘மூன்று சின்னம்’ என்று சொல்லிப் பாருங்கள், பொருளே தங்காது.

மொழிபெயர்ப்பவர்கள் கணக்கைக் கணக்காகப் படிக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் நோய். ‘இரண்டின் மூன்றாம் சக்தி’ என்கிறார்கள், அது அடுக்கு. ‘4, 5 ஆகியவற்றின் தயாரிப்பு’ என்கிறார்கள், அது பெருக்கற்பலன். ‘9-இன் சதுர வேர்’ என்கிறார்கள்; வர்க்கமூலம் நூற்றாண்டு வழக்கு. வகைக்கெழு ‘வழித்தோன்றல்’ ஆகிவிட்டது. உம்மையால் இணைய வேண்டிய இடமெல்லாம் ‘மற்றும்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறியீடு என்ற சொல்லின் தலையிலோ, அஞ்சல் குறியீடு, விலைக் குறியீட்டெண், நிரல் வரிகளுக்குக் குறியீடு என்று சுமை மேல் சுமை. நொட்டேஷனையும் அதன் மேலே ஏற்றாமல் இருக்கலாம்.

கணங்களை எழுதும் கணக் கட்டமைப்பு முறை, பட்டியல் முறை போன்ற தொடர்களை மாற்றத் தேவையில்லை. முறை என்ற சொல் அவற்றில் உதிராமல் நின்று வேலையைச் செய்கிறது. குறிமானம் என்று மாற்ற வேண்டியவை அறிவியல் குறியீடு, சார்புக் குறியீடு, அடுக்குக் குறியீடு ஆகியவை. ஒரு லட்சத்தை 1,00,000 என்றும் 100,000 என்றும் எழுதும் இருவகைக் காற்புள்ளி வைப்பும் குறிமானத்தில் சேரும்.