ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை

"அம்மாவுக்கு மூணுமே நெகட்டிவ்னு வந்திருக்கு டாக்டர். பயப்பட ஒண்ணுமில்லைதானே?" போன வாரம் ஒரு மகள் இப்படிக் கேட்டார். மார்பகக் கட்டியிலிருந்து திசு எடுத்துச் செய்த பயாப்ஸி ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. நல்ல செய்தி என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கட்டி அதற்குள் பெரிதாகிவிட்டது. இப்படி வரும் முதல் குடும்பமும் இது இல்லை.

அந்தத் தாளின் முதல் வரியிலேயே 'ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்' என்று, லேபில் திசுவைப் பார்க்கும் மருத்துவர்களான நாங்கள் எழுதியிருக்கிறோம். புற்றுநோயா இல்லையா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் வரும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி (இந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள்), ஹெர்-2 மூன்றும் கட்டியின் செல்களில் நாங்கள் தேடும் புரதங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்கத்தான் தேடுகிறோம். கரோனா டெஸ்ட் போல இதையும் படிக்காதீர்கள். பாசிட்டிவ் என்றால் மருந்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையோ வழக்கமான ஹெர்-2 ஊசியோ பொதுவாகக் கைகொடுக்காது. பெரும்பாலும் வேகமாக வளரும் வகை அது. ஒரு வாரம்கூட வீணாக்கக் கூடாது.

இந்தப் புரதங்கள் நல்ல திசுவிலும் உண்டு. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஆரோக்கியமான பால்குழாயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள உட்கருக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பாகத் தெரியும். பாசிட்டிவ் கட்டியில் பல நேரம் கண்ணுக்கு எட்டியவரை எல்லாமே பழுப்பு. ஹெர்-2 இன்னும் தெளிவு. நல்ல செல்லின் சவ்வில் சாயம் ஏறியதே தெரியாது. 3+ என்று நாங்கள் குறிக்கும், ஹெர்-2 மிக அதிகமான கட்டியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கம்பிவலை போட்டாற்போல் அடர்ந்த வளையம் இருக்கும். 1998-ல் வந்த டிராஸ்டுசுமாப் என்ற ஹெர்-2 ஊசி பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். 2+ என்றால் இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற பரிசோதனையில் ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்த்துத்தான் சொல்வோம். அதுவரை நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

'புரதம் அதிகம்' என்று படித்துவிட்டுச் சாப்பாட்டில் புரதத்தை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சிகிச்சை நேரத்தில் உடம்புக்கு அது கட்டாயம் வேண்டும், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அறுவைசிகிச்சை செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எடுத்த கட்டியை ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் அதில் இருக்கட்டும். சலைனில் மிதந்து வரும் திசுவில் புரதம் சிதைந்துபோய், இருப்பதை இல்லை என்று நாங்கள் எழுத நேரும். அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

நோய் திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் புதிதாகத் திசு எடுத்து மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், மாறியிருக்கலாம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது தாளோடு, உங்கள் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். 'பிளாக்' என்று சொன்னால் லேபில் எடுத்துத் தருவார்கள். வெயில் படாமல் வையுங்கள், உருகிவிடும்.