விளக்கு எரிகிறது, ஐகான் வரவில்லை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் வாசகர் கேட்கிறார்: "விண்டோஸில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸுக்கென்று எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையாக ஃபார்மட் செய்தேன். செருகினால் விளக்கு எரிகிறது, ஐகான் வருவதில்லை. கோப்பு முறைமையின் வகையைச் சொல்லிக் கையால் மவுண்ட் செய்தால் (கணினியின் கோப்புறைகளோடு இணைத்தால்) திறக்கிறது. கண்ணேறு என்கிறார் மேஸ்திரி."

எலுமிச்சையைக் கட்டிக்கொள்ளட்டும், யுஎஸ்பி போர்ட்டுக்குள் குங்குமம் போகாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

செருகியதும் லினக்ஸின் மையமான கெர்னல் சாதனத்தைக் கண்டு, சாதனங்களின் வருகையைக் கவனிக்கும் யுடெவ் நிரலுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து டிஸ்க்குகளைக் கையாளும் யுடிஸ்க்ஸ் நிரலுக்கு, அப்புறம் டெஸ்க்டாப்புக்கு. டெஸ்க்டாப் கேட்டால் யுடிஸ்க்ஸ் மவுண்ட் செய்யும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையில் டிஸ்க்கே தென்படாவிட்டால் கேபிளையோ மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். இவருக்குத்தான் கையால் திறக்கிறதே!

எனக்குப் பிடித்த இடம் நடுவில் இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது எந்தக் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் எந்த ஏற்பாடு என்று யுடெவுக்கு யாரும் சொல்வதில்லை. பிஎல்கேஐடி என்ற நூலகத்தின் உதவியோடு, குறிப்பிட்ட சில இடங்களைத் தானே படித்துப் பார்க்கிறது. பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த பகுதியின்) தொடக்கத்திலிருந்து 3 பைட் தள்ளி விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தன் பெயரை எழுதி வைத்திருக்கும். எக்ஸ்ட்4-இன் அடையாள முத்திரை 1080 பைட் தள்ளி இருக்கும். அதுவும் வெறும் 2 பைட். டெராபைட் கணக்கில் தரவு கிடந்தாலும் முதலில் தேடப்படுவது இந்தத் துணுக்குதான்.

எக்ஸ்ட்4 முதல் 1024 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. கணினியைத் துவக்கும் நிரலுக்காக ஒதுக்கிவிடுகிறது. ஃபார்மட் செய்த மென்பொருளும் அதைத் துடைக்காமல் விட்டால், செவ்வாய்ப்பேட்டையில் கைமாறிய கடையின் பழைய பெயர்ப்பலகை மாதிரி என்டிஎஃப்எஸ் பெயர் அங்கேயே கிடக்கும். பழையதும் புதியதும் ஒருசேர முறைமையாகத் தெரிந்தால் பிஎல்கேஐடி ஊகிக்காது, வகையே சொல்லாது. வகை தெரியாததை யுடிஸ்க்ஸ் தொடாது. தப்பான வகையாக ஏற்றி எழுதினால் தரவு பாழாகும் என்பதால் இந்தப் பிடிவாதம் சரி என்பேன். இப்படி யார் கண்ணிலும் படாத நிரல்களைப் பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் தர இன்னும் நிறையப் பேர் முன்வர வேண்டும்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை எஃப் குறியோடு இயக்கிப் பாருங்கள். வகை காலியாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 'வைப்எஃப்எஸ்' கட்டளையைக் குறி எதுவும் இல்லாமல் இயக்கினால் முத்திரைகளைப் பட்டியல் மட்டும் போடும். தரவை வேறிடத்தில் நகலெடுத்து, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்த பிறகு, ஓ குறியோடு பழைய முத்திரையின் இட எண்ணை மட்டும் கொடுத்து அழியுங்கள். ஏ குறியைத் தொடவே வேண்டாம். அது புதிய முத்திரையையும் சேர்த்து அழித்துவிடும்.