டயாலிசிஸ் நோயாளிக்குச் சுவரொட்டி ரத்தம் ஏற்றாது

தாராவி, சயான் கோலிவாடா பக்கமிருந்து எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போய்விட்டது என்று சொன்னால் போதும். மறுநாளே வீட்டில் ஆட்டுச் சுவரொட்டி வதங்கும், பேரீச்சம்பழம் வரும், பீட்ரூட் சாறாகும். "பாத்துப் பாத்துத்தான் கொடுக்கேன் டாக்டரம்மா, ரத்தம் ஏறவே மாட்டேங்குதே" என்று திருநெல்வேலிப் பேச்சு மாறாத அக்காமார் கேட்பதுண்டு.

அவர்கள் சமையலில் குறையில்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனில் பெரும்பகுதி சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது செயலிழந்தால் எலும்பு மஜ்ஜை சும்மா இருந்துவிடும். போதாததற்கு, உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் கூடிவிடும். குடல் இரும்பை உறிஞ்சுவதையும், சேமிப்பில் உள்ள இரும்பு வெளியே வருவதையும் அது அடைத்துவிடும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் எகிறியிருப்பவருக்கும் ரத்தசோகை இருப்பது இதனால்தான்.

பலர் கேள்விப்படாத காரணம் ஆக்சிஜனேற்ற அழுத்தம். செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் எல்லார் உடம்பிலும் உருவாகின்றன. அவற்றை அடக்கத் தற்காப்பும் உண்டு. யூரியா போன்ற கழிவுகள் தேங்கிய உடம்பில் தாக்குதல் கூடும், தற்காப்பு குறையும். உயிர்காக்கும் டயாலிசிஸும் இதில் கொஞ்சம் சேர்த்துவிடுகிறது: ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் சவ்வில் ரத்தம் படும்போது வெள்ளணுக்கள் கிளர்ந்தெழும், வைட்டமின் சி கழிவோடு போய்விடும். சிவப்பணுவின் மேலுறைக் கொழுப்பு சிதைந்து அணு விறைத்தால், மண்ணீரல் அதைச் சீக்கிரமே பிடித்து அழிக்கிறது. 120 நாள் வாழ வேண்டியது 60 முதல் 90 நாளில் முடிகிறது. (சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல்தான், என்ன செய்ய!)

அப்படியென்றால் வைட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போடலாமா? வேண்டாம். மிகுந்தது ஆக்சலேட் என்னும் உப்பாகி உடம்பில் படியும். பேரீச்சையும் பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் பொட்டாசியத்தை ஏற்றும். அது எல்லை மீறினால் இதயம் நின்றுபோகும். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். சுவரொட்டியில் பாஸ்பரஸ் வேறு.

எரித்ரோபாய்ட்டின் ஊசியும், தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழி இரும்பும்தான் முக்கிய மருந்து. இரும்பும் அளவு மீறினால் அதே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். அதனால் ஃபெர்ரிட்டினையும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் ஏற்றுவோம், கடும் தொற்று இருக்கும்போது நிறுத்திவைப்போம். ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை இருந்தால் போதும். "பக்கத்து பெட்காரருக்கு 13 இருக்கே" என்று ஏங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதாகி, இன்னும் டயாலிசிஸுக்கு வராத சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ட்ரீட் ஆய்வில், 13-ஐ நோக்கி ஏற்றியவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கானது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் அவசரமில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதையே கடினமாக்கும். ஊசி போட்டும் ஏறவில்லையா? டோஸைக் கூட்டச் சொல்லும் முன், அழற்சியோ ரத்த இழப்போ தரும் கழுத்துக் கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்), சொத்தைப் பல், ஆறாத கால்புண், மலத்தில் ரத்தக்கசிவு இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.