புளோரைடு: உப்பா, வினையா?

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல் பரிசோதனை முகாம். கையில் திணித்த துண்டறிக்கையில், "குழந்தைகளின் பற்களுக்கு வினைவியப் பூச்சு". அருகில் நின்ற அம்மா ஒருவர், "இதென்னங்க வினை? எம் பையன் என்ன வினை செஞ்சான்?" என்றார். புளோரைடுப் பூச்சைத்தான் தூய தமிழில் அப்படி எழுதியிருந்தார்கள். இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நாலாவது தடவை.

புளோரைடின் வேர் 'இளகி ஓடுதல்' என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல். உலோகம் உருக்குகிறவர்கள் உலையில் ஒரு கல்லைச் சேர்ப்பார்கள், கசடு இளகிவிடும். நம் ஆசாரி பொடி வைத்துப் பற்றவைக்கும்போது வெங்காரம் தூவுகிறாரே, அந்த வேலை. அந்தக் கல்லிலிருந்து பெயர் வந்தது. புளோரின் என்னும் தனிமத்தை 1886இல் முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்தெடுத்தார். அவ்வளவுதான் கதை.

புளோரின் எதனோடும் வேகமாக வினைபுரியும், ஆகவே வினைவியமாம். சோடியம் மட்டும் சும்மாவா கிடக்கிறது? அதுகூடப் போகட்டும். வினைவியம் என்பது புளோரின் என்ற நச்சு வாயுவுக்கு வைத்த பெயர். பல்லில் தடவுவதோ சோடியம் புளோரைடு, ஓர் உப்பு. 'ஐடு' என்ற வாலை நறுக்கி, வாயுவையும் உப்பையும் ஒன்றாக்கிவிட்டார் மொழிபெயர்ப்பாளர். சாப்பாட்டு உப்பைக் குளோரின் என்று சொல்லி இலையில் வைப்பாரா?

தூய தமிழ் எனக்கும் வேண்டியதுதான். ஆனால் தருமபுரியில் ஆடு மேய்க்கும் பாட்டிக்கும் 'புளோரைடு தண்ணி' தெரியும். புளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து, முளைக்கும்போதே கறையோடு முளைத்த பற்கள் இங்கே வீட்டுக்கு வீடு. அதற்காகத்தானே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது? அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பெயரை ஒளித்துவைப்பானேன்!

அதே துண்டறிக்கையில் கறைக்கும் சொத்தைக்கும் சேர்த்து ஒரே 'பற்சிதைவு'. சொத்தை, இனிப்பைத் தின்னும் கிருமி சுரக்கும் அமிலம் அரித்த குழி. கறை, பல் உருவாகும் வயதில் புளோரைடு மிஞ்சியதன் தழும்பு. ஒன்றைத் தடுக்கப் புளோரைடு வேண்டும், மற்றதற்கு அதுவே காரணம். இரண்டுக்கும் ஒரு பெயர் வைத்தால் படிக்கிறவர் எதைத்தான் புரிந்துகொள்வார்?

"புளோரைடுதாங்க அது" என்றேன் அந்த அம்மாவிடம். உடனே பையனின் கையைப் பிடித்து இழுத்தார். "தண்ணியில ஆகாதுன்னீங்க, பல்லுல மட்டும் ஏன் தடவுறீங்க?"

மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "வயித்துக்குள்ள தினம் போறது வேறம்மா, பல்லு மேல எப்பவாவது துளி தடவுறது வேற. மொதல்ல சொல்லுங்க, வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"