பொலிசிஸ்ரிக் ஓவரி: கட்டியல்ல, புடைப்பு

கிளிநொச்சியில் ஸ்கான் எடுத்துவிட்டு வந்த பிள்ளை என்னைக் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, கட்டியை வெட்டி எடுக்கவேணுமோ?" பொலிசிஸ்ரிக் ஓவரிக்குத் தமிழில் சொல்லும் 'நீர்க்கட்டி' என்ற சொல் அவளை அந்தளவுக்குப் பயப்படுத்தியிருந்தது.

கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'கிஸ்ரிஸ்' என்றால் பை. 'ஓவரி', அதாவது சூலகம், முட்டையைக் குறிக்கும் இலத்தீன் 'ஓவம்' வழி வந்தது. கூட வரும் 'சின்ட்ரோம்' ஒன்றாய் ஓடிவருதல், அதாவது பல குறிகள் சேர்ந்து வருவது. 1935 இல் சிக்காகோ வைத்தியர்கள் ஸ்ரைனும் லெவெந்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கண்டது வீங்கிய சூலகம். பெயரும் சூலகத்தோடேயே நின்றுவிட்டது.

ஸ்கானில் தெரியும் சின்ன வட்டங்கள் கட்டிகளே அல்ல. உயர்தர உயிரியலில் கிராபியன் புடைப்பு என்று படித்தோமே, அந்த நிலைக்கு முதிராமல் பாதியில் நின்ற புடைப்புகள் அவை. புடைப்பு என்பது சூலகத்துக்குள் முட்டை வளரும் சின்னப் பை.

ஏன் நின்றன? இதற்கு இன்னொரு சொல் வேண்டும்: அனுசேபம். கிரேக்க 'மெற்றபொலே', மாற்றம். தமிழ்நாட்டில் வளர்சிதைமாற்றம் என்பார்கள். உடல் கட்டுவதையும் உடைப்பதையும் ஒன்றாய்ச் சொல்லும் அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது. இந்த நோயுள்ள பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. அதனால் இன்சுலின் இன்னும் கூடச் சுரக்கிறது. அது சூலகத்தை ஆண் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். புடைப்பு முதிராது, மாதவிடாய் தள்ளிப்போகும், நாடியில் முடி வரும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பிலிருந்து இரத்தத்துக்குள் கசியும் கொழுப்பமிலம் ஈரலையும் தசையையும் இன்சுலினுக்கு இன்னும் மந்தமாக்கும். சுற்று முடிவதில்லை. ஆனால் மெலிந்த பிள்ளைகளுக்கும் இது வரும். "நீ குண்டில்லையே" என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது பிழை.

அந்தப் பிள்ளையின் பிடரி கறுத்து, தொட்டால் வெல்வெற்றுப் போலத் தடித்திருந்தது. அம்மா அழுக்கென்று நினைத்து, கிணற்றடியில் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, தோல் சிவந்திருந்தது. அதிகமான இன்சுலின் தோலில் காட்டும் அடையாளம் அது.

2012 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவே இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்றவேண்டும் என்றது. தமிழில் நாம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 'பல்புடைப்புச் சூலகம்' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். வீட்டில் பேச 'புடைப்பு' போதும். எடை கூடியவர்கள் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப வெட்டத் தேவையில்லையோ?" என்று திரும்பவும் கேட்டாள். இல்லை என்றேன்.