எஸ்ஆர் மாத்திரையை உடைக்கலாமா?

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எஸ்ஆர் (மருந்தை மெல்ல மெல்ல, நீண்டநேரம் வெளிவிடும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களில் சிலர் மருந்துக்கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "தம்பி, மாத்திரை கரையவே இல்லை. மலத்தோடு அப்படியே வந்திருக்கு. டூப்ளிகேட் மருந்தா?"

டூப்ளிகேட் இல்லை. வெளியே வந்தது வெறும் சக்கை. மருந்து எப்போதோ உடம்புக்குள் போய்விட்டது.

இந்த மாத்திரைகளில் பெரும்பாலும் மருந்தோடு ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறுகளால் ஆன பொருளை, கலந்து அழுத்தியிருப்பார்கள். செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்வது இது. தண்ணீர் பட்டதும் மாத்திரையின் வெளிப்பக்கம் ஊறி, சப்ஜா விதையைச் சுற்றி வருவதுபோல வழவழப்பான படலம் உண்டாகும். மருந்து அதைத் தாண்டி மெல்லக் கசிய வேண்டும். பாலிமரின் சங்கிலி நீளமாக இருந்தால் படலம் கெட்டியாகும், மருந்தும் இன்னும் மெதுவாக வரும். மெட்ஃபார்மினோ தண்ணீரில் சட்டென்று கரைகிற சரக்கு. அதைப் பிடித்து நிறுத்த நிறைய பாலிமர் தேவை. மாத்திரை அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிதாக இருக்கிறதே என்றுதான் பலர் உடைக்கிறார்கள். உடைத்தால் புதிய பரப்பு திறந்துகொள்ளும், மருந்து வேகமாக வெளியேறும். பொடித்தால் கேட்கவே வேண்டாம், நாள் முழுக்க வர வேண்டியது மொத்தமாக வந்துவிடும். மெட்ஃபார்மின் என்றால் வயிற்றுப்போக்கு, குமட்டலோடு போகலாம். பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை என்றால் கதையே வேறு. நிஃபெடிபினின் நீண்டநேர மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் திடீரென்று அபாயகரமாகச் சரியலாம்.

நிஃபெடிபினில் ஒரு வகையின் அமைப்பு ரொம்பவே சாமர்த்தியமானது. செல்லுலோஸ் அசிடேட் உறை, அதில் லேசரால் போட்ட ஒரு சிறு துளை. உறை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் இன்னொரு பாலிமர் உப்பி, மருந்தைத் துளை வழியாகச் சீராக வெளியே தள்ளும். உறை கரையாது, மலத்தோடு வந்துவிடும்.

"அப்போ நடுவில் கோடு போட்டிருக்கே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பிரஷருக்குத் தரும் மெட்டோப்ரொலால் சக்சினேட்டில் சில மாத்திரைகள் நூற்றுக்கணக்கான நுண்ணிய குருணைகளால் ஆனவை, ஒவ்வொரு குருணைக்கும் தனித்தனியாகப் பாலிமர் பூச்சு உண்டு. அவற்றைக் கோட்டில் பாதியாக்கலாம், ஆனால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி செய்வதில்லை என்பதால் உங்கள் பிராண்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிமரைக் குலைக்கக் கத்திதான் வேண்டும் என்றில்லை, சாராயமும் போதும். அமெரிக்காவில் பல்லடோன் என்ற நீண்டநேர வலி மருந்தை 2005-இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மதுவோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு சராசரியாக 6 மடங்குவரை ஏறியது. எல்லா மருந்தும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் "ஒரு பெக் தானே" என்பவர்களிடம் இதைச் சொல்லத்தான் செய்கிறேன்.

மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர், பிஆர் என்று ஏதாவது இருந்தால் உடைக்கும் முன் கேளுங்கள். முழுசாக விழுங்கச் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் அட்டையின் பின்பக்கம், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்தான் இருக்கிறது. அதைத் தமிழிலும் பெரிதாகப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் அந்த எழுத்தும் கிடைக்காது, பெயரும் பாதியாகிவிடும்.

விழுங்க முடியாத பெரியவர்களுக்கு வழி இருக்கிறது. அதே மருந்தின் சாதாரண மாத்திரையை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தரலாம், சிலவற்றுக்குத் திரவமும் உண்டு. மாற்றுவது டாக்டரின் வேலை, நீங்களாகச் செய்ய வேண்டாம். மூக்குக்குழாய் வழியாக மருந்து கொடுக்கிற வீட்டார், மொத்தச் சீட்டையும் மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு அப்புறம் உரலை எடுங்கள். குழாய் போட்ட அன்றே டிஸ்சார்ஜ் சீட்டில் பழைய எஸ்ஆர் மாத்திரையே தொடர்வதை அடிக்கடி பார்க்கிறேன்.