ஷவர்த் தளம்: வாட்டம் எங்கே தொடங்க வேண்டும்?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால், துலாமழையும் ஓய்ந்து டிசம்பர் ஆகும்வரை சுவர் சரியாகக் காயாது. மாடி பாத்ரூமுக்குக் கீழே சீலிங்கில் ஓதம் தெரிந்தால் மழை மேல்தான் முதலில் பழி விழும். பிப்ரவரி வெயிலிலும் அந்தக் கறை காயவில்லையென்றால் மேலே உள்ள ஷவர்த் தளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

டைல்ஸ் நீரை விடாது. இடுக்கில் உள்ள சிமெண்ட் க்ரவுட் விடும். அதற்கடியில் இருக்கும் சாந்தும் நுண்துளைகள் நிறைந்தது, விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல நீரை இழுக்கும். நீரைத் தடுப்பது வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் மட்டுமே. ஆனால் பல வீடுகளில் சங்கன் ஸ்லாபில் (பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளம்) மட்டமாகக் கோட்டிங் அடித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, டைல்ஸ் ஒட்டும்போதுதான் வாட்டம் (நீர் ஓடுவதற்கான சரிவு) பார்க்கிறார்கள். இறங்கிய நீருக்குப் போக வழியில்லை. டைல்ஸுக்கு அடியில் ஒரு தொட்டியே உருவாகிவிடும். நாற்றம், கறுத்த க்ரவுட், சுவரில் பூக்கும் வெள்ளை உப்பு எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து வருபவை.

ஆகவே வாட்டம் கோட்டிங்குக்கு அடியிலேயே இருக்க வேண்டும். அளவு, அடிக்குக் கால் அங்குலம். மூன்றடிக்கு மூன்றடி ஷவரில் ட்ராப் (நீர் வடியும் வாய்) ஒரு மூலையில் இருந்தால், அங்கே சாந்து ஒன்றரை அங்குலக் கனம், எதிர்மூலையில் இரண்டரை. சராசரி இரண்டு அங்குலம் என்றால் ஒன்றரை கன அடி சாந்து. 1:4 கலவைக்கு சிமெண்ட் 16 கிலோ, அதாவது மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. எம்-சாண்ட் சுமார் 1.6 கன அடி. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இங்கே வேண்டாம். நைசு கூடினால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், காயும்போது வெடிக்கும்.

கலவை எவ்வளவு ஈரமாக இருக்கலாம் என்பதில்தான் வேலையே கெடுகிறது. கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும்; விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. குழைவாகப் போட்டால் வாட்டம் நிற்காமல் சரிந்து மட்டமாகும், மிஞ்சிய நீர் ஆவியாகிய இடமெல்லாம் துளையாகும். ஸ்லாபில் சிமெண்ட் பால் ஊற்றி, அது காயும் முன் கலவையைக் கொட்டி, கட்டையால் நன்றாக அடித்து இறுக்கி, மட்டப்பலகையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் அப்போதே சரிசெய்யலாம். பிறகு ஏழு நாள் நீராற்றல், அதாவது தளத்தை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் தானாகக் கிடைக்கும் என்று இதை விட்டுவிடுவார்கள்; வீட்டுக்குள் போட்ட தளத்தை மழை நனைக்காது.

அக்ரிலிக் சிமெண்ட் கோட்டிங் இரண்டு கை: இரண்டாவது, முதலாவதற்குக் குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஃபைபர் வலை பதிக்க வேண்டும். சுவரில் ஆறடி உயரம் வரை அடிப்பது நல்லது, அதிலும் வெட்டுகல் சுவரென்றால் தவிர்க்கவே கூடாது. அந்தக் கல் நீரை அவ்வளவு இழுக்கும். டைல்ஸை இந்தக் கோட்டிங்கின் மேலேயே டைல் பசையால் ஒட்டினால், இடையில் நீர் தேங்கத் தடித்த சாந்துப்படுகை இருக்காது.

ட்ராப்பின் கழுத்துதான் பலவீனமான இடம். பிவிசி வழுவழுப்பானது, சிமெண்ட் ஒட்டாது. கீசர் நீர் பட்டால் சாந்தைவிடப் பல மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும், இடைவெளி விழும். உப்புத்தாளால் கழுத்தைச் சொரசொரப்பாக்கி, வலை சுற்றி, அதன்மேல் கோட்டிங் கொடுங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன் ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் நீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். வெயிலுக்கு நூல் அளவு குறையலாம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் அடைப்பு கசிகிறதா என்று முதலில் பாருங்கள், அடுத்து ட்ராப்பின் கழுத்தை, பிறகு மூலைகளை.